கூரைக்குக் கடன், சுவருக்குச் சேமிப்பு

வீட்டை ஒரே மூச்சில் கட்டி முடிப்பவர்களுக்குக் கொடுக்கிற கடனை, வருடக்கணக்கில் கட்டுகிறவர்களுக்கும் அப்படியே கொடுக்க முடியாது. திருச்சி மலைக்கோட்டை நிழலில் ஓர் அலுவலகம். அங்கிருந்து தொட்டியம், முசிறி, மண்ணச்சநல்லூர், மணப்பாறைப் பக்கத்துக் கிராமங்கள். பெண்கள் குழுக்களுக்குக் கடன் கொடுப்பதும் வசூலிப்பதும் கணக்கு எழுதுவதுமாகவே என் வேலைக்காலம் போயிருக்கிறது. அதில் நான் உறுதியாகக் கற்றது ஒன்று. வீட்டில் எந்தப் பாகத்தைத் துண்டு துண்டாகக் கட்டலாம், எதைத் துண்டாக்கவே முடியாது என்று பார்க்கத் தெரிந்த பிறகுதான் வீட்டுக்குக் கடன் கொடுக்க வேண்டும். துண்டாக்கக்கூடியதற்குச் சேமிப்பே போதும். துண்டாக்க முடியாததற்குத்தான் கடன்.

சுவர் காத்திருக்கும். செங்கல் கெடாது. கையில் காசு புரளும் மாதத்தில் ஆயிரம் கல் இறக்கி வேப்பமரத்தடியில் அடுக்கி வைக்கலாம். அடுத்த வருடம் ஒரு லோடு ஜல்லி. பேஸ்மட்டம் வரை கட்டி, மண் நிரப்பி, ஒரு மழைக்காலம் அப்படியே விட்டால் மண் நன்றாக அமுங்கும். அது வீட்டுக்கு நல்லதும்கூட. பத்து வரி கல் எழுப்பிவிட்டு நிறுத்தலாம். பூச்சில்லாமல் பல வருடம் குடியிருக்கலாம். தரைக்கு டைல்ஸ், மகள் கல்யாணம் நெருங்கும்போது போட்டுக்கொள்ளலாம். ஆனால் கூரை காத்திருக்காது. 300 சதுர அடியில் ஐந்து அங்குலக் கனத்துக்குக் கான்கிரீட் என்றால் 125 கன அடி கலவை வேண்டும். சிமெண்ட் 25 முதல் 30 மூட்டை, கம்பி 300 கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின், ஜல்லி, எம்-சாண்ட், சென்டரிங் வாடகை, மிக்ஸர் மெஷின், ஒரு கூட்டம் ஆட்களுக்குக் கூலி, அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு. அத்தனையும் ஒரே நாளில் வந்து நிற்க வேண்டும். பாதிக் கூரையை இன்று போட்டு, மீதியை ஆறு மாதம் கழித்துச் சேர்த்தால் அந்தச் சேர்க்கையில் காலத்துக்கும் ஒழுகும். சிமெண்டை முன்னாலேயே வாங்கிச் சேர்த்துவைக்கலாம் என்றால் அதுவும் முடியாது. மூன்று மாதம் கிடந்த மூட்டை வலுவில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழந்துவிடும். மழையில் கிடந்த கம்பி துருவேறும்.

இது தெரிந்துவிட்டால் ஒரு வீட்டைப் பார்த்த மாத்திரத்தில் அதன் கணக்குப் புத்தகத்தைப் படித்துவிடலாம். அடுக்கிய செங்கலில் பாசி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதில், வேலை நின்று எத்தனை மழையாயிற்று என்று தெரியும். நிலை வைத்த வாசலில் கதவுக்குப் பதில் சேலை தொங்கினால், அந்தக் குடும்பம் மரவேலையைத் தள்ளிவைத்துவிட்டு வேறெதற்கோ பணம் திருப்பியிருக்கிறது என்று பொருள். லிண்டல் மட்டத்தில் நின்ற சுவர்மேல் எருக்கஞ்செடி முளைத்திருந்தால், அந்த வீட்டுக்குச் சுவர்க் கடன் வேண்டாம், கூரைக் கடன் வேண்டும். மொட்டை மாடியில் கம்பிகளை வெட்டாமல் விட்டிருக்கிறார்களா? மகனுக்கு மேலே ஒரு அறை எடுக்கும் எண்ணம் இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து இந்த அம்மா மறுபடி வருவார். விண்ணப்பப் படிவத்தில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. ஆனால் படிவம் கேட்கிற கேள்விகளைவிட இவை முக்கியம்.

வீட்டுக்காரர்களிடம் பேசிய பிறகு நான் தேடிப் போவது கொத்தனாரை. எஸ்டிமேட்டைக் கேட்க மட்டுமில்லை. அவர் எப்போது வருவார், சித்தாள் யார், இதற்கு முன் யார் வீட்டுக் கூரை போட்டார், அந்தக் கூரை ஒழுகுகிறதா என்று கேட்கத்தான். நல்ல கொத்தனார்கள் பாதிப்பேர் கேரளத்திலோ திருப்பூரிலோ வேலையில் இருப்பார்கள். ஊர்த் திருவிழாவுக்கு வரும்போது பிடித்தால்தான் உண்டு. கொத்தனார் ஊரில் இல்லாத மாதத்தில் கொடுத்த வீட்டுக் கடன் வீட்டுக்குப் போகாது. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பழைய கடனுக்கும் கரைந்துவிடும். அதற்காக அந்தக் குடும்பத்தைக் குறை சொல்வது அநியாயம். வீட்டில் ரொக்கம் இருக்கும்போது காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்ல முடியுமா?

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், முதல்முறை கடன் வாங்குகிறவருக்கு 30,000 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று விதி. முசிறிப் பக்கம் ஒரு பெண்ணுக்குக் கூரை போட அதைப்போல மூன்று மடங்கு வேண்டியிருந்தது. விதிப்படி 30,000 கொடுத்தோம். அவர் அதில் கம்பி வாங்கிப் போட்டார். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அந்தக் கம்பி முற்றத்திலேயே கிடந்தது. வாரத் தவணை மட்டும் ஒரு வாரம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. கூரையில்லாத வீட்டுக்கு அவர் கூரைக்கடன் கட்டினார். “ஏம்மா, நீங்க கொடுக்காமலே இருந்திருந்தா நான் சீட்டெடுத்து மொத்தமா போட்டிருப்பேனே” என்று அவர் என்னைக் கேட்டது நியாயம். கூரைக்குப் போதாத கடன், கடனே இல்லாமல் இருப்பதைவிடக் கெடுதல். கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம், ஒழுங்காகக் கட்டினால் பிறகு கூட்டித் தருவோம் என்கிற முறை கறவை மாட்டுக்கும் பெட்டிக்கடைக்கும் பொருந்தும், கூரைக்குப் பொருந்தாது.

அவர் சொன்ன சீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடன் நிறுவனங்கள் இந்த மாவட்டத்துக்குள் வருவதற்கு வெகுகாலம் முன்பே கூரை போட்டுக்கொடுத்தது சீட்டுதான். இருபது பேர், ஆளுக்கு மாதம் 5,000, இருபது மாதம், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. அவசரக்காரர் ஆரம்ப மாதங்களிலேயே தள்ளி ஏலம் எடுப்பார். எழுபத்தைந்தாயிரம் கைக்கு வந்தால் போதும் என்பார். பொறுத்திருப்பவருக்குக் கழிவு சேரும். கிராமத்துப் பெண்கள் இதைச் சூதாட்டமாக ஆடுவதில்லை. ஆவணியில் சென்டரிங் என்று கணக்குப் போட்டு, ஆடிக் கடைசியில் சீட்டை எடுக்கிறார்கள். அதுவரை கட்டியது சேமிப்பு, அதற்குப் பிறகு கட்டுவது கடன். இரண்டும் ஒரே நோட்டில், ஒரே தொகையாக நடக்கின்றன. இவ்வளவு நேர்த்தியான வீட்டுக்கடன் திட்டத்தை எந்த வங்கியும் வகுத்து நான் பார்த்ததில்லை. அதன் பலவீனம் சீட்டுப் பிடிக்கிறவர். அவர் ஓடிவிட்டால் கூரையும் போச்சு, கட்டிய பணமும் போச்சு. 1982-ஆம் ஆண்டு மத்தியச் சீட்டு நிதிச் சட்டம் பதிவையும் பிணையையும் கேட்கிறது. 2019-இல் அதைத் திருத்தித் தனி ஆள் நடத்தக்கூடிய சீட்டின் உச்சவரம்பை ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சமாக்கினார்கள். ஆனால் தெருச் சீட்டுகள் எதுவும் பதிவாவதில்லை. முகத்தை நம்பித்தான் நடக்கின்றன. சீட்டில் சேருகிறவர்களிடம் நான் சொல்வது, பிடிக்கிறவருக்கு அந்த ஊரில் சொந்த வீடும் கொள்வினை கொடுப்பினையும் இருக்கிறதா என்று பாருங்கள் என்பதுதான்.

காவிரிக்குத் தெற்கே புதுக்கோட்டை, தஞ்சாவூர் எல்லையில் கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் போனால் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும். வீட்டில் விசேஷம் எதுவும் இருக்காது; விருந்து போட்டு மொய் வாங்குவார்கள். சில வருடங்களில் கொடுத்தவர் விருந்து வைக்கும்போது அதைத் திருப்பிச் செய்வதோடு, மேலே புது மொய்யும் வைப்பார்கள். வட்டி இல்லை. பிணை, மொய் நோட்டில் எழுதிய ஊர்ப்பெயரும் ஆள்பெயரும். வீடு, கடை, போர்வெல் என்று மொத்தமாகப் பணம் தேவைப்படுகிறவற்றுக்கு இதில் பணம் எழுப்பியவர்கள் ஏராளம்.

நகை இன்னொரு வழி. மலைக்கோட்டையைச் சுற்றிப் பெரியகடை வீதியிலும் சின்னக்கடை வீதியிலும் நகைக்கடைகளுக்கு இடையே அடகுக்கடைகள் வரிசையாக இருப்பதற்கு, ஆற்றுக்கு அக்கரையில் எழும்புகிற கூரைகளும் ஒரு காரணம். கம்மல் சிமெண்டாகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் வைத்தால் வட்டி குறைவு. ஆனால் சங்கம் திறந்திருக்கும் நேரத்தில் கூலி வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும். எதற்கும் வழியில்லாதபோது தண்டல். பத்தாயிரம் தண்டல் என்றால் கையில் 8,500. தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள். பார்வைக்கு நூற்றுக்குப் பதினைந்து என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதைக் கணக்கில் எடுத்தால் வருட வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டிவிடும். கந்துவட்டியையும் மீட்டர் வட்டியையும் தண்டலையும் பெயர் சொல்லியே தடை செய்து 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. தண்டல்காரரின் பைக் இன்றைக்கும் காலை ஏழு மணிக்கு வருகிறது, ஏனென்றால் கேட்ட அன்றைக்கே பணம் தருகிறவர் அவர் ஒருவர்தான். அவரை வெளியேற்ற வேண்டுமென்றால் கேட்ட நாளில் பணம் கொடுக்க நாமும் பழக வேண்டும்.

வங்கி ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு: வங்கியின் வீட்டுக்கடன் மண்ணின் மேல் நிற்கிறது. பத்திரம், வில்லங்கச் சான்று, அங்கீகரித்த வரைபடம் எல்லாம் வேண்டும். கிராம நத்தத்தில் தாத்தா பெயரில் இருக்கும் பட்டா, நான்கு பங்காளிகள், பாகப்பிரிவினை வாய்ச்சொல்லாகவே நடந்திருக்கும். கிராமம் மட்டுமா? ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றிப் பல தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பங்கள் அடிமனை யாருக்குச் சொந்தம் என்ற சிக்கலில், தங்கள் வீட்டையே பதிவு செய்ய முடியாமல் தவிக்கிறார்கள். அடிமனை கைக்கு வராதவருக்கு அடமானக் கடன் கிடையாது. வாழ்ந்த வருடங்கள் பிணையாகாது. அந்த இடத்தைத்தான் குழு நிரப்பியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் சாட்சியாக நின்றார்கள். 1989-இல் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதி உதவியோடு தர்மபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள், 1992-இல் நபார்டு தொடங்கிய வங்கி இணைப்பு, பிறகு மாநிலம் முழுவதும் மகளிர் திட்டம் என்று அது வளர்ந்த கதை தெரிந்ததே. திருச்சியிலேயே பிறந்த கிராம விடியல், வங்கதேசத்து கிராமீன் முறையைப் பின்பற்றி வளர்ந்து, 2016-இல் ஐடிஎஃப்சி வங்கியின் கைக்குப் போனது.

துண்டாக்க முடியாதது என்றால் என்ன என்பதைத் திருச்சி மாவட்டம் நாட்டுக்குக் காட்டியது கழிப்பறையில்தான். 1987-இல் தொடங்கிய கிராமாலயா, நகரத்தின் கல்மந்தைக் குடிசைப் பகுதியிலும் தொட்டியம் ஒன்றியத்துத் தாண்டவம்பட்டியிலும் வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டவைத்தது. தாண்டவம்பட்டி 2003-லேயே வெளியில் ஒதுங்கத் தேவையில்லாத கிராமமானது. தூய்மை இந்தியா திட்டம் வருவதற்குப் பதினொரு வருடம் முன்பு. கிராமாலயாவின் நிறுவனர் எஸ். தாமோதரனுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. என் தொழிலுக்கு முக்கியமானது அவர்கள் 2007-இல் செய்த காரியம். குடிநீர் இணைப்புக்கும் கழிப்பறைக்கும் மட்டுமே கடன் கொடுப்பதற்கென்று கார்டியன் என்ற நிறுவனத்தைத் திருச்சியில் தொடங்கினார்கள். வருமானம் தராத கழிப்பறைக்குக் கடன் கொடுத்தால் எதிலிருந்து கட்டுவார்கள் என்று அப்போது பலரும் கேட்டார்கள். கட்டினார்கள். இருட்டும்வரை அடக்கிக்கொண்டு காத்திருக்கிற பெண்ணுக்கு அந்தத் தவணை எவ்வளவு அவசரமானது என்பது கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. அரைக் கழிப்பறை என்று ஒன்று கிடையாது. குழி தோண்டி, பீங்கான் வைத்து, சுவரும் கதவும் போட்டால்தான் அது கழிப்பறை. கதவில்லாததை விறகு போடத்தான் பயன்படுத்துவார்கள். இரட்டைக் குழி முறையில் ஒன்று நிறைந்ததும் மற்றதுக்கு மாற்றிவிடலாம். நிறைந்த குழி ஆறி எருவாகிவிடும். ஆகவே பின்னால் லாரிச் செலவும் இல்லை. அரசு தரும் 12,000 ரூபாய் கட்டி முடித்துப் படம் காட்டிய பிறகு வருகிறது. முன்பணத்துக்கு ஒரு சிறு கடன் இருந்தால், மானியம் வந்ததும் அதில் பெரும்பகுதி அடைபட்டுவிடும்.

இதே இடைவெளிதான் வீட்டுத் திட்டங்களிலும். பிரதமர் வீட்டுத் திட்டமானாலும், 2024-இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லமானாலும் அடித்தளம், லிண்டல், கூரை என்று கட்டம் கட்டமாக முடித்துப் படம் ஏற்றிய பிறகுதான் அந்தந்தக் கட்டத்துப் பணம் வரும். கனவு இல்லத்தில் 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மூன்றரை லட்சம் ரூபாய். நல்ல திட்டம். குடிசையில் இருந்தவர் கான்கிரீட் கூரைக்குள் போவதைப் பார்க்கிறபோது மனம் நிறைகிறது. ஆனால் கையில் ஒன்றுமில்லாததால்தான் இந்தக் குடும்பத்தைத் தேர்வு செய்தோம். அவர்களையே முதலில் செலவு செய், பிறகு தருகிறேன் என்றால் தண்டல்காரரிடம்தான் போவார்கள். லிண்டலோடு நிற்கிற அரசு வீடுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கின்றன. ஒப்புதல் ஆணையைப் பார்த்துக் கூரைத் தொகைக்கு மூன்று மாதக் கடன் கொடுப்பது என் அனுபவத்தில் மிகவும் பத்திரமான கடன். வசூலிக்க ஓட வேண்டியதே இல்லை.

காலமும் ஒரு கணக்கு. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் நிலை வைக்கமாட்டார்கள். ஆனால் அலுவலகத்தின் இலக்குக்கு ஆடி தெரியாது. ஜூலை மாதக் கணக்குக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வா என்பார்கள். வேலை ஆவணியில்தான் ஆரம்பிக்கும், தவணை அடுத்த வாரமே ஆரம்பித்துவிடும். தவணையைக்கூட எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்க்கிறோம். ஸ்ரீரங்கத்தைச் சுற்றிப் பூப்பறிக்கிற பெண்ணிடம் தினம் காசு புழங்கும். வாரத் தவணை அவருக்குச் சௌகரியம். மணப்பாறையில் கறவை வைத்திருப்பவருக்குச் சங்கத்தில் பால் பணம் பட்டுவாடா ஆகும் நாள்தான் தவணை நாள். தொட்டியத்தில் வாழை போட்டவருக்குத் தார் வெட்டும்வரை கையில் ஒன்றும் இருக்காது. அவரிடம் வாரம் வாரம் கேட்டால் அடுத்த வீட்டில் கைமாற்று வாங்கித்தான் கட்டுவார். அப்படிக் கட்டியதையும் நம் பதிவேட்டில் நூறு சதவீத வசூல் என்றே எழுதுகிறோம்.

வட்டியையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 50,000 ரூபாயை இரண்டு வருடத்துக்கு 12 சதவீத ஃபிளாட் வட்டியில் கொடுத்தால் வாங்குகிற வட்டி 12,000. குறைந்துவரும் நிலுவையில் கணக்குப் பார்த்தால் அது 21 சதவீதத்தைத் தாண்டும். இரண்டையும் குழுக் கூட்டத்தில் பலகையில் எழுதிக் காட்டினால் பெண்கள் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள். சீட்டில் கழிவு கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய விஷயமா? 2022 முதல் ரிசர்வ் வங்கி, ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறது. நல்ல வரம்பு. சீட்டும் தண்டலும் கைமாற்றும் அந்தக் கணக்கில் வராததால், உட்கார்ந்து பேசிக் கேட்கிறவருக்கு மட்டுமே உண்மையான பாதி எது என்று தெரியும்.

கடனில் கையெழுத்துப் போடுவது பெண். பட்டா இருப்பது கணவன் பெயரிலோ மாமனார் பெயரிலோ. வங்கதேசத்தில் கிராமீன் வங்கி 1984-இல் வீட்டுக்கடன் தொடங்கியபோது, நான்கு கான்கிரீட் தூண்களும் தகரக் கூரையும் ஒரு கழிப்பறையும் கொண்ட எளிய வீட்டுக்குக் கொடுத்தது; மனை பெண்ணின் பெயருக்கு மாற வேண்டும் என்பதையும் நிபந்தனையாக வைத்தது. 1989-இல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. இங்கே நாம் அந்த நிபந்தனையை வைக்கவே இல்லை. வாரம் தவறாமல் தவணை கட்டி எழுப்பிய வீட்டிலிருந்து, கணவன் இறந்த பிறகு பங்காளிகள் வெளியே போகச் சொன்ன பெண்களை எனக்குத் தெரியும். குறைந்தது கூட்டுப் பட்டாவாவது வாங்கித் தரக் கடன் நிறுவனம் ஒரு நாள் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தால் என்ன? 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை இருக்கிறது. இதைக் குழுக் கூட்டத்தில் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கையில் டேப்லெட்டோடு வருகிறார்கள், நல்ல சுறுசுறுப்பு. அவர்களிடம் நான் கேட்பது, படிவத்தை நிரப்பும் முன் அந்த வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள், கொத்தனாரைப் பார்த்துப் பேசுங்கள், போதாத தொகையை எழுதாதீர்கள் என்பதே. மாவட்ட நிர்வாகத்திடமும் ஒரு கோரிக்கை உண்டு. லிண்டல் மட்டத்தைப் படமெடுத்த அன்றைக்கே கூரைக்கான பணத்தையும் விடுவியுங்கள். கூரை போட்ட பிறகு தருகிற அதே தொகையைப் பதினைந்து நாள் முன்னதாகக் கொடுத்தால் அரசுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை.